மூச்சுவிட இடம் கொடுங்கள்: தமிழ் நோட்டீஸ் வடிவமைப்பில் முதல் பாடம்

போன மாதம் இரண்டு பையன்கள் எங்கள் டிடிபி கடைக்கு வந்தார்கள். ஊரில் இலவசக் கண் பரிசோதனை முகாம் வைக்கிறார்கள். அதற்கு ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும். செல்போனில் ஏதோ ஒரு செயலியில் அவர்களே செய்து வைத்திருந்தார்கள். "எல்லா விவரமும் போட்டாச்சுண்ணே. ஆனா பார்க்க எடுப்பா இல்ல. கொஞ்சம் டிசைன் சேர்த்துக் குடுங்க" என்றான் பெரியவன்.

வாங்கிப் பார்த்தேன். சுற்றிலும் பூ பார்டர். நீலப் பின்னணியில் சிவப்புத் தலைப்பு, அதற்கு மஞ்சளில் நிழல். எண்ணிப் பார்த்தால் ஆறு வகை எழுத்துரு. மேலே நான்கு பேரின் படம். அதில் ஒருவர் முகம் பக்கவாட்டில் இழுபட்டுப் பூசணிக்காய் மாதிரி அகன்றிருந்தது. முகாம் என்றைக்கு என்று தேடினேன். ஐந்தாவது வரியில், "அனைவரும் வருக" என்று நீளும் வாக்கியத்தின் நடுவே தேதி கிடந்தது. கண் மங்கிப்போன பெரியவர்களுக்காக அடிக்கப்போகிற நோட்டீஸ் இது.

பையன்கள் மேல் தப்பில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவர்களை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு நோட்டீஸ்தான் என்றாலும், வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பு, நூலக அறிவிப்பு, பள்ளி ஆண்டு மலர், காதுகுத்துப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கிராஃபிக் டிசைன் என்றதும் பூவும் பார்டரும் பளபளப்பும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அவை கடைசியில் வரவேண்டியவை. பல நேரம் வராமலே போனாலும் நல்லது. படிக்கிறவர் கண் முதலில் எங்கே விழ வேண்டும், அங்கிருந்து எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் வடிவமைப்பு. இதைக் காகிதத்தில் கை வைப்பதற்கு முன்பே செய்யலாம். பையன்களிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஒரு பாட்டிக்கு இந்த முகாமைப் பற்றி மூன்றே விஷயம் சொல்ல முடியும் என்றால் எதைச் சொல்வாய்?" என்று கேட்டேன். கண் முகாம், ஞாயிறு காலை 9 மணி, நடுநிலைப்பள்ளி என்று எழுதினான். அந்த மூன்றும்தான் நோட்டீஸ். மிச்சமெல்லாம் அதற்குக் கீழே வருபவை.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தூக்கிக் காட்டப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வசதி இருக்கிறது. தமிழில் அது கிடையாது. நமக்கு இருப்பவை எழுத்தின் அளவு, தடிப்பு, நிறம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகிய நான்குதான். இந்த நான்கையும் ஒரே இடத்தில் கொட்டக் கூடாது. தலைப்பு பெரிதாக இருந்தால் அதற்கு நிழல் வேண்டாம். தடிப்பாக இருந்தால் தனி நிறம் தேவையில்லாமல் போகலாம். அளவில் வித்தியாசம் காட்டுவதென்றால் துணிந்து காட்டுங்கள். 14 பாயிண்டுக்கும் 16 பாயிண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் கவனிக்காது. ஏதோ தவறு நடந்த மாதிரி இருக்கும். விவரம் 14 என்றால் தலைப்பை 36 வையுங்கள்.

அடுத்தது எதை எதோடு சேர்த்து வைப்பது. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவற்றை ஒரே கூட்டமாகப் பார்ப்பது நம் கண்ணின் இயல்பு. ஜெர்மனியில் மேக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் இதை 1923இல் வெறும் புள்ளிகளை வரிசையாக வைத்தே காட்டினார். புள்ளிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை மாற்றினால் போதும். இரண்டிரண்டாகவோ மூன்று மூன்றாகவோ கண் அவற்றைத் தானே சேர்த்துக்கொள்ளும். பையன்களின் நோட்டீஸில் தேதி மேலே, நேரம் நடுவே, இடம் கீழே இருந்தன. எல்லா வரிக்கும் இடையே ஒரே இடைவெளி. மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, அந்தத் தொகுப்புக்கு மேலும் கீழும் ஒரு விரல்கடை வெற்றிடம் விட்டேன். கோடு போடவில்லை, கட்டம் கட்டவில்லை. "என்றைக்கு, எங்கே" என்ற கேள்விக்குப் பதில் ஒரே பார்வையில் கிடைத்துவிட்டது.

வெற்றிடம் விட்டால் வாடிக்கையாளர்களுக்கு மனசு கேட்பதில்லை. "அங்கே சும்மாதானே கிடக்கு, ஒரு குத்துவிளக்கு போடுங்க" என்பார்கள். அது சும்மா கிடக்கவில்லை. வாசலில் கோலத்தைச் சுற்றித் தெளித்து வைத்த வெறுந்தரை மாதிரி அது. தரையெல்லாம் கோடு இழுத்தால் கோலம் எது என்றே தெரியாது.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். இன்றைக்குச் செயலிகளில் கிடைக்கும் ஆயத்த மாதிரிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். அதற்குள் தமிழை நுழைத்தால் இடுப்பில் பிடிக்கும், கையில் இறுக்கும். ஏன் என்று பார்க்க இரண்டு ஊர்ப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்:

கீழப்பழுவூர்
திருவிடைமருதூர்

முதல் வரியில் "ழு", "வூ" இரண்டும் கீழே வால் நீட்டுகின்றன. இரண்டாம் வரியில் "தி", "வி" இரண்டும் மேலே கொக்கி போடுகின்றன. மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொக்கியும் மோதிக்கொள்ளும் இடம் வரிகளுக்கு நடுவேதான். அங்கேயே புள்ளிகளும் வந்து உட்கார வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓரிரு எழுத்துதான் மேலும் கீழும் நீளும். தமிழில் எழுத்துக்கு எழுத்து மேலும் கீழும் போய்வருகிறது. எனவே நமக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும்.

பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் தாமாகவே வைக்கும் இடைவெளி பொதுவாக எழுத்தளவில் 120 சதவீதம். 12 பாயிண்ட் எழுத்துக்கு 14.4 பாயிண்ட். தமிழுக்கு இது போதாது. 12 பாயிண்டுக்கு 18 பாயிண்ட், அதாவது ஒன்றரை மடங்கு என்று தொடங்குங்கள். எழுத்துருவைப் பார்த்து 1.6, 1.7 மடங்கு வரை போகலாம். நீளமான உரையைச் செல்போனில் படிக்கக் கொடுப்பதென்றால் நான் 1.7 வைப்பேன். அதற்கு மேல் போனால் வரிகள் ஒன்றோடொன்று உறவற்று மிதக்கத் தொடங்கும். பத்திகளுக்கு இடையே விடும் இடம் வரிகளுக்கு இடையே உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பத்தி எங்கே முடிகிறது என்று தெரியாது.

வேறு எதையும் மாற்றாமல் இந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பூ பார்டரோடு இருந்த பையன்களின் நோட்டீஸில் நான் முதலில் செய்தது இதுதான். சின்னவன், "என்னண்ணே பண்ணீங்க, எழுத்து பெருசான மாதிரி இருக்கு" என்றான். எழுத்தளவைத் தொடவே இல்லை. அந்தக் காலத்து அச்சுக்கூடங்களில் வரிகளுக்கு நடுவே மெல்லிய ஈயத்தகட்டைச் செருகி இந்த இடத்தை உண்டாக்கினார்கள். ஈயத்துக்கு ஆங்கிலத்தில் லெட். லெடிங் என்று இன்றும் இதற்குப் பெயர் இருப்பது அதனால்தான்.

புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். நம் கண் அப்படிப் பழகியதில்லை. இன்று ஒரு புள்ளி மறைந்தால் சொல்லே மாறும். "பல் மருத்துவர்" என்பதில் புள்ளி போனால் "பல மருத்துவர்". மெல்லிய எழுத்துருவைச் சின்ன அளவில் வைத்து, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கும்போது, ரிவர்ஸ் என்போமே, அங்கேயும் இதே ஆபத்து. அச்சில் மை கொஞ்சம் பரவும்; சின்ன எழுத்தென்றால் வெள்ளைப் புள்ளியை மை தின்றுவிடும். ரிவர்ஸ் வேண்டுமென்றால் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், தடித்த எழுத்தாகவும் போடுங்கள்.

தடித்த எழுத்திலும் ஒரு கவனம். இ, ஐ, ஞ, ஜ போன்றவற்றின் உள்ளே சின்னச் சின்ன வெற்றிடங்கள் இருக்கின்றன. சாதாரண எழுத்துருவை எடுத்து மென்பொருளில் போல்ட் பட்டனை அழுத்தினால் சில நேரம் அது எழுத்தின் ஓரத்தை ஊதிப் பெருக்கிக் காட்டும். உள்ளறைகள் அடைபட்டு "ஐ" ஒரு கறுப்புக் கட்டியாகிவிடும். தடிப்புக்கென்றே தனியாக வரைந்த வடிவம் அந்த எழுத்துருவில் இருக்கிறதா என்று பார்த்து அதைப் பயன்படுத்துங்கள். எழுத்தைச் சாய்ப்பதை நான் தவிர்க்கவே சொல்வேன். சாய்வெழுத்து ஐரோப்பிய அச்சு மரபில் வளர்ந்தது. தமிழ் எழுத்தைப் பிடித்துச் சாய்த்தால் அழுத்தம் கூடுவதில்லை, விழப்போகிற மாதிரிதான் தெரிகிறது. எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டி நாகரிகமாகக் காட்டுவதும் அப்படித்தான். "கொடி" என்ற சொல்லை அகலப்படுத்திப் பாருங்கள். கால் தனியே விலகி நின்று, "கெரடி" என்று கண் படிக்கும்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற இழுபறி தமிழ் அச்சுக்குப் புதிதல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் 1713இல் தமிழ் அச்சு வேலையைத் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. அந்த அளவில் புத்தகம் போட்டால் காகிதத்துக்கு எங்கே போவது? இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டின்களின் ஈய மூடிகளை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அங்கே தமிழில் அச்சாகி முடிந்தது. நமக்கு ஈயம் உருக்கும் பாடு இல்லை. அதனாலேயே யோசிக்காமல் சுருக்கிவிடுகிறோம். விஷயம் பக்கத்தில் அடங்கவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காதீர்கள், வாசகத்தைச் சுருக்குங்கள்.

பாயிண்ட் என்ற அளவை நம்பியும் ஏமாறக் கூடாது. ஓர் அங்குலத்தில் 72 பாயிண்ட். அது எழுத்தின் உயரத்தைக் குறிப்பதில்லை; எழுத்து உட்காரும் பெட்டியின் உயரம். அந்தப் பெட்டிக்குள் எழுத்தைப் பெரிதாக வரைவதும் சின்னதாக வரைவதும் எழுத்துரு செய்தவரின் விருப்பம். அதனால் ஒரு எழுத்துருவில் 12 பாயிண்ட் கண்ணுக்கு இதமாக இருக்கும், இன்னொன்றில் அதே 12 பொடியாகத் தெரியும். எண்ணைப் பார்க்காமல் அச்செடுத்த தாளைப் பாருங்கள். கண் முகாம் நோட்டீஸின் விவரப் பகுதிக்கு நான் 15 வைத்தேன். படிக்கப்போவது யார் என்பதுதான் கணக்கு.

தமிழின் இன்னொரு குணம், சொல்லின் நீளம். நோட்டீஸில் தவறாமல் வரும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்". 15 எழுத்து. இரண்டு பக்க ஓரத்தையும் நேராக வெட்டியது போல நிறுத்தும் ஜஸ்டிஃபை அமைப்பில், குறுகிய பத்தியில் இது வந்தால் என்ன ஆகும்? வரியில் இடம் போதாமல் முழுச்சொல்லும் அடுத்த வரிக்குப் போகும். மேல் வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களும் ஆளுக்கொரு மூலையில் நிற்கும், நடுவே பெரிய பள்ளம். பல வரிகளில் இப்படி நேர்ந்தால் பத்தி முழுக்க வெள்ளை ஓடை ஓடும். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் கம்பாசிட்டர்கள் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று பார்த்து உடைத்தார்கள். அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கிவிடாமல் கவனித்தார்கள். செயலிகளில் பெரும்பாலானவை தமிழ்ச் சொல்லை உடைப்பதே இல்லை. எனவே குறுகிய இடங்களில் இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து, வலது ஓரத்தை அதன் போக்கில் விடுங்கள். வரிக்கு ஆறிலிருந்து ஒன்பது சொல் வந்தால் படிக்கச் சுகம். எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தும் பழக்கம் கல்யாணப் பத்திரிகைக்கு அழகு. நாலு வரிக்கு மேல் விவரம் இருந்தால் கண் ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் தேடிப்போக வேண்டியிருக்கும்.

பையன்களின் நோட்டீஸில் அந்த 15 எழுத்துச் சொல்லையே எடுத்துவிட்டேன். "அனைவரும் வந்து பயன்பெறுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பது "அனைவரும் வாருங்கள்" ஆனது. மரியாதை குறையவில்லை.

எழுத்துருவுக்கு வருவோம். ஒரு நோட்டீஸுக்கு இரண்டு போதும்: தலைப்புக்கு ஒன்று, விவரத்துக்கு ஒன்று. ஒரே எழுத்துருவின் தடித்த வடிவமும் சாதாரண வடிவமும் என்றால் இன்னும் நல்லது. திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இப்போது நிறைய இருக்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை ஆகியவை விவரத்துக்கு நம்பி வைக்கலாம். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிப்புகளில் கிடைக்கிறது. நம் கட்டுமரம்தான் ஆங்கிலம் போய் அந்தப் பெயரில் திரும்பி வந்திருக்கிறது. கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் கவிவனார் இருக்கிறது, தலைப்புக்கு மட்டும். உருண்டு திரண்ட பாலூ தம்பி குழந்தைகள் விழாவுக்குப் பொருந்தும், இரங்கல் அறிவிப்புக்குப் பொருந்தாது. எழுத்தின் உருவத்துக்கே ஒரு குரல் உண்டு. ஓவியர் ஆதிமூலம் தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்த தலைப்பெழுத்துகள் கிடைத்தால் தேடிப் பாருங்கள். படம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டுமே ஒரு அட்டையைத் தாங்கி நிற்பதை அங்கே பார்க்கலாம்.

நிறத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு எவ்வளவு என்பதுதான் கேள்வி. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: திரையில் சாதாரண அளவு எழுத்துக்கு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பு 21க்கு 1. மஞ்சளில் கறுப்பு 19ஐத் தாண்டுகிறது. பையன்கள் வைத்திருந்த நீலத்தில் சிவப்பு? திரையின் முழுச் சிவப்பும் முழு நீலமும் என்றால் 2க்குச் சற்று மேல், அவ்வளவுதான். கண்ணைப் பறிப்பதாகத் தோன்றும், படிக்க வராது. நோட்டீஸைப் படமெடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அதிலும் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நிறம் சரி. மஞ்சள் தாளில் ஒரே கறுப்பு மையில் அடித்த பிட் நோட்டீஸ் பல மல்டிகலர் நோட்டீஸ்களைவிட அழகாக இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். செலவும் குறைவு.

படங்களுக்கு இரண்டே பேச்சு. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 1200 பிக்சல் அகலமுள்ள படம் 4 அங்குலத்துக்குத்தான் தாங்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அளவு மாற்றும்போது மூலையைப் பிடித்து இழுங்கள். ஓரத்தைப் பிடித்து இழுத்ததால்தான் அந்தப் பெரியவர் முகம் அகன்றது.

அந்த நான்கு பேர் விஷயம் நுட்பமானது. முகாமுக்குப் பணம் கொடுத்தவர்கள். பெயரை விட்டால் மனத்தாங்கல் வரும். விடவும் கூடாது, அவர்கள் செய்தது நல்ல காரியம். நான்கு படத்தையும் ஒரே அளவில் வெட்டி, முகம் ஒரே உயரத்தில் வருமாறு வைத்து, கீழே வரிசையாக நிறுத்தினேன். மேலே இருந்தபோது நெரிசலில் நின்றவர்கள் போலத் தெரிந்தார்கள். கீழே வந்ததும் குடும்பப் படம் மாதிரி அமைந்துவிட்டது. அவர்களில் ஒருவர் பிறகு கடைக்கு வந்தபோது, படம் நன்றாக வந்திருக்கிறது என்றுதான் சொன்னார்.

ப்ரூஃப் எடுத்ததும் கடைச் சுவரில் ஒட்டினேன். நிஜ அளவில் அச்செடுத்துப் பார்க்காமல் எந்த வேலையையும் நான் அனுப்புவதில்லை. கம்ப்யூட்டர் திரையில் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். பையன்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். இரண்டு கறுப்புத் திட்டு தெரிந்ததாம்: மேலே ஒன்று, நடுவே ஒன்று. தலைப்பும் தேதியும். பிறகு பக்கத்து டீக்கடையிலிருந்து டம்ளர் வாங்க வந்த அக்காவிடம், "இதில் என்னக்கா போட்டிருக்கு?" என்று கேட்டேன். கண்ணாடி போட்டுக்கொள்ளாமலே, "கண்ணு முகாமா? ஞாயித்துக்கிழமை, நம்ம ஸ்கூல்ல" என்றார். 500 பிரதி அச்சுக்கு அனுப்பினோம்.